பட்ஜெட் வாசிப்பது ஒரு நாள், பணம் ஒதுக்குவது வேறொரு நாள்

பிப்ரவரி 1 சாயங்காலம் வருமான வரிக் கணக்குப் போட்டுப் பார்த்ததோடு பட்ஜெட் முடிந்துவிட்டதாகப் பலருக்கு நினைப்பு. அன்று நிதியமைச்சர் வாசிப்பது வெறும் கோரிக்கைதான். ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குப் பணம் கேட்கும் 'மானியக் கோரிக்கை'களை மக்களவை ஓட்டுப் போட்டு ஏற்க வேண்டும், அப்புறம் ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேற வேண்டும். அதற்குப் பிறகே அரசின் வரிப்பணமும் கடனும் சேரும் தொகுப்பு நிதியில் கைவைக்கலாம் (அரசமைப்பு 113, 114). கடன் வட்டி, நீதிபதிகள் சம்பளம் போன்றவற்றுக்கு மட்டும் ஓட்டு கிடையாது. மாநிலங்களவைக்கு மானியக் கோரிக்கைகளில் ஓட்டே இல்லை.

பொது விவாதம் முடிந்ததும் அவைக்குச் சில வாரம் இடைவேளை. அப்போது 24 துறைசார் நிலைக்குழுக்கள் உட்காரும். குழுவுக்கு இரு அவைகளிலிருந்தும் 31 எம்.பி.க்கள். போன வருஷம் கொடுத்த பணம் ஏன் செலவாகவில்லை என்று துறைச் செயலாளரையே கூப்பிட்டுக் கேட்கிற இடம் அது. கேமரா இல்லாததால் கட்சிச் சத்தமும் குறைவு.

அவை கூடியதும் வெட்டுத் தீர்மானம் வரும். கொள்கையே தப்பு என்றால் 'ஒதுக்கீட்டை 1 ரூபாயாகக் குறைக்க வேண்டும்' என்பார்கள். குறிப்பிட்ட குறை ஒன்றைச் சொல்ல '100 ரூபாய் குறைக்க வேண்டும்' என்பார்கள். நூறு ரூபாய்தானே என்று நினைக்கக் கூடாது. அது ஜெயித்தால் அரசு பெரும்பான்மையை இழந்ததாகவே அர்த்தம். அதனால் கட்சி சொல்கிறபடி ஓட்டுப் போடச் சொல்லும் கொறடா உத்தரவு பறக்கும், தீர்மானம் தோற்கும்.

கடைசி நாளில் கில்லட்டின். விவாதிக்காமல் கிடக்கும் கோரிக்கைகளையெல்லாம் சபாநாயகர் மொத்தமாக ஓட்டுக்கு விடுவார். நேரம் போதாதபோது பயன்படுத்தத்தான் இந்த ஏற்பாடு. 2018இலும் 2023இலும் எல்லாத் துறைகளையுமே இப்படித் தள்ளிவிட்டார்கள். 2023 மார்ச் 23 அன்று சுமார் 45 லட்சம் கோடி ரூபாய், ஒரு துறைக்குக்கூட விவாதமில்லாமல், அமளிக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் போனது. ஆளுங்கட்சி ராகுல் காந்தி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றது, எதிர்க்கட்சிகள் அதானி விவகாரத்தில் நாடாளுமன்றக் கூட்டுக்குழு விசாரணை கேட்டன.

எதிர்க்கட்சி நண்பர்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்கிறேன்: அவை முடங்கினால் அரசுக்குப் பத்துப் பைசா நஷ்டமில்லை. பதில் சொல்ல வேண்டிய அமைச்சர் தப்பித்துவிடுகிறார், அவ்வளவுதான். அவையை ஓட்டிச்செல்ல வேண்டிய முதல் பொறுப்பு ஆளுங்கட்சிக்கு என்பதும் இதனால் இல்லாமல் போகாது.

குறைந்தது ஆறு அமைச்சகங்களின் கோரிக்கையை முழுசாக விவாதிக்காமல் கில்லட்டின் கூடாது என்று மக்களவை விதியில் ஒரு வரி சேர்க்கலாம். அந்த ஆறில் மூன்றை எதிர்க்கட்சி தேர்ந்தெடுக்கட்டும்.