ஆலய வழிபாட்டில் கலந்துகொண்டாலே மதம் மாறியதாகிவிடுமா? உண்மை விளக்கம்

‘கிறிஸ்தவ ஆலய வழிபாட்டுக்குத் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றவர்கள் மட்டுமே அனுமதிக்கப்படுவார்கள், மற்றவர்கள் உள்ளே போய் அப்பம் வாங்கிவிட்டால் மதம் மாறியதாகப் பதிவு செய்துவிடுவார்கள்’ என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் பரவி வருகிறது. இதன் இரண்டு பகுதிகளும் தவறானவை, ஒன்றுக்கொன்று முரணானவையும்கூட.

கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 1221ஆம் விதி, வழிபாட்டு நேரத்தில் ஆலயத்துக்குள் நுழைவது தடையின்றியும் கட்டணமின்றியும் இருக்க வேண்டும் என்கிறது. நம்பிக்கை கொள்ளாதவர்களும் சபை கூடும்போது உள்ளே வரக்கூடும் என்பதை விவிலியத்தின் (பைபிளின்) 1 கொரிந்தியர் 14:23 இயல்பாகவே எடுத்துக்கொள்கிறது.

கத்தோலிக்கரின் முதன்மை வழிபாடான திருப்பலியில் இரண்டு முதன்மைப் பகுதிகள் உண்டு. முதலாவதான இறைவார்த்தை வழிபாட்டில் விவிலிய வாசகங்களும் மறையுரையும் இடம்பெறும். அடுத்து, அப்பம் வழங்கப்படும் நற்கருணை வழிபாடு. பண்டைக் காலத்தில் திருமுழுக்குக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தவர்கள் முதற்பகுதி முடிந்ததும் அனுப்பிவைக்கப்பட்டார்கள் என்பது உண்மையே; வதந்தியின் வேர் அதுவாக இருக்கலாம். இன்று எவரும் இறுதிவரை அமர்ந்திருக்கலாம். நற்கருணை பெறுவதற்கு மட்டுமே வரம்பு உண்டு, அதுவும் சபைக்குச் சபை வேறுபடும்.

அப்பம் வாங்கியதால் ஒருவர் உறுப்பினராகிவிடுவதில்லை. திருமுழுக்கே வாயில்; அதைப் பெற விரும்பும் வயதுவந்தவர் தம் விருப்பத்தை வெளிப்படுத்தி, போதிய பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும் என்கிறது அதே சட்டத் தொகுப்பின் 865ஆம் விதி. தொகுப்பு முழுவதும் வத்திக்கான் இணையதளத்தில் உள்ளது, எவரும் சரிபார்க்கலாம். இச்செய்தி உங்களுக்கு வந்திருந்தால், தயவுசெய்து மேலும் பகிராதீர்கள்.