கார்டு இல்லாமல் காஸ்ட்கோ

ஆண்டுச் சந்தா கட்டிய உறுப்பினர்களுக்கென்று மூட்டை மூட்டையாக மலிவு விலையில் சாமான் விற்கும் அமெரிக்கக் கடை காஸ்ட்கோ. அதன் வாசலில் உறுப்பினர் கார்டைச் சோதிக்கும் ஸ்கேனர் வைத்ததிலிருந்து அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களிடம் ஒரே புலம்பல். முன்பு நண்பனின் கார்டைத் தூரத்திலிருந்தே ஆட்டிக் காட்டிவிட்டு உள்ளே போய்விடலாம். 2024-இல் ஸ்கேனர் வந்த பிறகு அது நடப்பதில்லை. போட்டோ இல்லாத கார்டு என்றால் லைசென்ஸையும் எடுக்கச் சொல்கிறார்கள். "காசு கொடுத்துச் சாமான் வாங்க வந்தவனையே தடுப்பார்களா?" என்று ஒரு நண்பர் கொதித்தார். எனக்கென்னவோ நியாயம் கடைக்காரர் பக்கம்தான் இருக்கிறது.

ஏனென்றால் இந்தக் கடை பெரும்பாலும் சாமான் விற்றுப் பிழைக்கவில்லை. கொள்முதல் விலைக்கு மேல் சுமார் 14, 15 சதவீதத்தைத் தாண்டி ஏற்றுவதில்லை என்பது அவர்களின் பழைய கட்டுப்பாடு. 2024 நிதியாண்டில் நிகர லாபம் சுமார் 737 கோடி டாலர். உறுப்பினர் சந்தாவாக மட்டும் வந்தது சுமார் 480 கோடி. 4.99 டாலருக்குக் கோழி கிடைப்பதே இந்தச் சந்தாவை நம்பித்தான். இந்த வியாபாரத்தின் மூலவர் சோல் பிரைஸ், 1976-இல் சான் டியாகோவில் ஒரு பழைய விமானக் கொட்டகையில் பிரைஸ் கிளப்பைத் தொடங்கியபோதே ஆண்டுக்கு 25 டாலர் வாங்கினார். அதுவும் முதலில் சிறு வியாபாரிகளுக்கு மட்டும்தான். காஸ்ட்கோ 1983-இல் வந்தது; பத்து ஆண்டுகளில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஆக, அடுத்தவர் கார்டில் நுழைகிறவர் மற்றவர்கள் கட்டிய சந்தாவில் மலிவு விலையை அனுபவிக்கிறார். அதற்குக் கோபம் வேறு!

சரி, கார்டு இல்லாதவர் அந்தப் பக்கமே போகக்கூடாதா? தாராளமாகப் போகலாம். நம்மவர்கள் அதிகம் தெரிந்துகொள்ள வேண்டிய வழி ஃபார்மசி. டாக்டர் சீட்டுக்கு மருந்து வாங்க மெம்பர்ஷிப் தேவையே இல்லை. வாசலில் "ஃபார்மசிக்கு" என்று சொன்னால் போதும். விசிட்டர் விசாவில் வரும் அம்மா அப்பாவுக்கு இது பெரிய உதவி. ஆறு மாதத்துக்கு என்று கட்டிக்கொண்டு வந்த பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் நடுவில் தீர்ந்துபோகும். பயணக் காப்பீடுகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பணம் தராது. ஊர் டாக்டரின் சீட்டு இங்கே செல்லாது. இங்குள்ள டாக்டரிடம்தான் எழுதி வாங்க வேண்டும். ஆனால் மெட்ஃபார்மின், அம்லோடிபைன் மாதிரி ஜெனரிக் மாத்திரைகள் கைக்காசு கொடுத்து வாங்கும்போது கடைக்குக் கடை விலை எப்படி மாறுகிறது என்று விசாரித்துப் பாருங்கள், தலை சுற்றும். காஸ்ட்கோவுக்கும் ஒரு போன் போட்டு விலை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். உறுப்பினர்களுக்கென்று தனியாக ஒரு மருந்துத் தள்ளுபடித் திட்டம் உண்டு, அது மட்டும் நமக்குக் கிடைக்காது.

கண் பரிசோதனைக்கும் கார்டு வேண்டாம். கண்ணாடியை அங்கேயே வாங்க வேண்டுமென்றால் வேண்டும். (கலிபோர்னியா, டெக்சாஸ் உள்ளிட்ட சில மாநிலங்களில் மது வாங்கவும் கார்டு வேண்டாம். இந்தச் செய்தி மட்டும் எல்லோருக்கும் எப்படியோ தெரிந்திருக்கிறது.) ஒன்றரை டாலர் ஹாட்டாக் கிடைக்கும் ஃபுட் கோர்ட்டில் இப்போது கார்டு கேட்கிறார்கள்.

கடைக்குள் போய்ச் சாமானே வாங்க வேண்டுமென்றால் ஷாப் கார்டு என்ற அவர்களின் கிஃப்ட் கார்டுதான் நேர்வழி. உறுப்பினர் ஒருவர் பணம் போட்டு வாங்கித் தர வேண்டும். அதைக் காட்டி யாரும் உள்ளே போகலாம், பெட்ரோலும் போடலாம். "மச்சி, உன் கார்டை ஒரு நாளைக்குக் கொடு" என்று கேட்பதைவிட, பணத்தைக் கையில் கொடுத்து "ஒரு ஷாப் கார்டு வாங்கி வை" என்பது கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் மரியாதை.

இணையத்தில் உறுப்பினர் அல்லாதவரும் பல பொருட்களை வாங்கலாம், விலைக்கு மேல் 5 சதவீதம் சேர்ப்பார்கள். அநியாயம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சந்தா 65 டாலர். ஆண்டுக்கு 1,300 டாலருக்குக் கீழே வாங்குகிறவருக்கு அந்த 5 சதவீதம்தான் லாபம். பத்து கிலோ வெங்காயத்தை வைத்துக்கொண்டு தனியாக முழிக்கும் மாணவனுக்கு மெம்பர்ஷிப்பே தண்டம் என்பேன். குடும்பஸ்தர்களே பாதி கீரையைக் குப்பையில்தான் போடுகிறோம்.

ஊருக்குப் போகும்போது பெட்டி நிறைய பாதாமும் வைட்டமின் மாத்திரையும் வாங்க வேண்டுமா? அதற்கு ஓராண்டு சேர்ந்துகொள்ளுங்கள், தப்பில்லை. பிடிக்கவில்லை என்றால் சந்தாவைத் திருப்பித் தருவதாக அவர்களே சொல்கிறார்கள். ஆனால் பெட்டியை நிரப்பிக்கொண்டு மறுநாளே போய்ப் பணத்தைக் கேட்கும் ஆட்களையும் எனக்குத் தெரியும். அவர்கள் தயவுசெய்து ஸ்கேனரைப் பற்றிப் புலம்ப வேண்டாம்.