ஜாமர் போட்டால் ட்ரோன் விழுந்துவிடுமா?
ரேடியோ சிக்னலை அடைக்கிற கருவியான ஜாமரைப் போட்டால் எந்த ட்ரோனும் பொத்தென்று விழுந்துவிடும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அப்படியெல்லாம் விழாது. கல்யாணங்களுக்கு ட்ரோன் ஓட்டுகிறவன் நான். ரிமோட் சிக்னல் அறுந்தால் பெரும்பாலும் அது கிளம்பின இடத்துக்கே தானாகத் திரும்பிவிடும். ஜிபிஎஸ்ஸும் போனால்தான் வம்பு, காற்று தள்ளுகிற பக்கம் நகர ஆரம்பிக்கும். அப்படி நகர்ந்து பந்தல் மூங்கிலில் மோதி எனக்கு ஒரு ப்ரொப்பல்லர் போயிருக்கிறது. உக்ரைன் போரில் 2024 முதல் வருகிற ஃபைபர் ட்ரோன்களோ பட்டத்துக்கு நூல் விடுகிற மாதிரி கட்டளை வருகிற மெல்லிய கண்ணாடி இழையைப் பின்னால் விட்டுக்கொண்டே 10 கிலோமீட்டருக்கு மேல் போகின்றன. ரேடியோ தொடர்பே இல்லாததில் ஜாமர் எதை அடைக்கும்? அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதின ஒருவர் ட்ரோனைப் பிடிக்கக் கழுகைப் பழக்கலாம் என்கிறார்; நெதர்லாந்து போலீஸ் 2016-ல் இறக்கிப் பார்த்து, அடுத்த வருஷமே கைவிட்டது. செலவு ஒரு பக்கம், பழக்கின கழுகு எல்லா நேரமும் பேச்சைக் கேட்கவில்லை.