ஆமாம், சாணியைத்தான் கிளறினோம்

அந்தப் போட்டோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நம் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் நான்கு முறை சுற்றி வந்துவிட்டது. குன்னூரில் இருக்கும் என் சித்தி மகள், "அக்கா, இது உங்க பசங்களா?" என்று எனக்கே அனுப்பி வைத்தாள். எங்கள் பசங்கள்தான், நான் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக்கு வருகிறவர்கள். ஆறு பேர் குந்தி உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் காட்டெருமைச் சாணி, கையில் ஆளுக்கொரு குச்சி. கீழே ஒரு வரி: "புக் படிக்க அனுப்பினா சாணி கிளற விடுறாங்க. பெற்றோர்களே உஷார்!" அப்புறம் மூன்று கோப முகம்.

சாணிதான். கிளறினோம்தான். மறைக்க ஒன்றுமில்லை. படம் எடுத்தவர் இரண்டு எட்டு முன்னால் வந்து "என்னப்பா தேடுறீங்க?" என்று கேட்டிருந்தால் ஆறு பேரும் ஒரே நேரத்தில் பதில் சொல்லியிருப்பார்கள். ஜூம் பண்ணி எடுக்க வந்தது, வாயைத் திறந்து கேட்க வரவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக்கு வரும் பையன் ஒருவன், ஆறாம் வகுப்பு. பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னால் தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். இரண்டு வாரம் முன்பு பூச்சிப் புத்தகத்தை எடுத்து நட்டநடுவில் திறந்தான். கதைப் புத்தகத்தை அப்படித் திறக்க முடியாது, முதல் பக்கத்திலிருந்து வரவேண்டும். அதற்குள் அவனுக்குத் தாகம் எடுத்துவிடும். இதில் எந்தப் பக்கத்திலும் நுழையலாம். நுழைந்தான். "அக்கா, இது பீயுருட்டிதானே? எங்க பாட்டி சொல்லும்!"

புத்தகம் இங்கிலீஷ். நான்தான் வெள்ளைத் தாளில் தமிழில் எழுதி ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒட்டியிருந்தேன். பீயுருட்டி என்கிற சாணி வண்டுகளில் மூன்று வகை. ஒன்று உருட்டிக்கொண்டு போகும், ஒன்று சாணிக்கு அடியில் மண்ணைக் குடைந்து உள்ளே இழுத்துக்கொள்ளும், ஒன்று சாணிக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். அந்தத் துண்டுச் சீட்டை விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, முழுசாகப் படித்தான். தண்ணீர் கேட்கவில்லை. முடித்துவிட்டு, "நம்ம ஊர்ல இருக்கிறது எந்த ரகம்?" என்றான்.

எனக்குத் தெரியவில்லை. புத்தகத்திலும் இல்லை. பதில் சாணியில்தான் இருந்தது. அதனால்தான் கிளறினோம். பிள்ளை கேட்ட கேள்விக்காகக் கிளறினோம். எனக்குப் பொழுது போகாமல் இல்லை.

கண்டுபிடித்தது என்ன என்று யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். உருட்டுகிறவன் ஒன்றுகூட இல்லை. எல்லாம் அடியில் குடைகிற ஆட்கள். சாணியைப் புரட்டினால் பென்சில் நுழையும் அளவுக்குத் துளைகள், பக்கத்தில் புது மண். அப்புறம் பசங்களே ஒரு யோசனை சொன்னார்கள். இரண்டு சாணியை எடுத்து, ஒன்றை அப்படியே விட்டு, இன்னொன்றைக் கிழிந்த கொசுவலையால் தரையோடு தரையாக மூடிக் கல் வைத்தோம். ஐந்தாம் நாள் மூடாமல் விட்டது உதிர்ந்து மண்ணாகிக்கொண்டிருந்தது, மூடியது வறட்டி மாதிரி கிடந்தது. நோட்டில் படம் போட்டு, தேதி போட்டு எழுதியிருக்கிறார்கள். அந்த நோட்டையும் போட்டோ எடுத்து குரூப்பில் போடுங்களேன், பார்ப்போம்.

சாணி என்றால் அவ்வளவு கேவலமா? ஆஸ்திரேலியாவில் மாட்டைக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கிருந்த வண்டுகள் கங்காரு புழுக்கைக்குப் பழகியவை, மாட்டுச் சாணியைச் சீந்தவில்லை. சாணி காய்ந்து மேய்ச்சல் நிலத்தை அடைத்து, ஈ மொய்த்து நாறியது. கடைசியில் அந்த நாட்டு விஞ்ஞானிகள் 1960களில் ஆரம்பித்து ஆப்பிரிக்காவிலிருந்தும் வேறு இடங்களிலிருந்தும் சாணி வண்டுகளை வரவழைத்து விட்டார்கள். ஒரு நாட்டு அரசாங்கமே சம்பளம் கொடுத்துச் சாணி கிளற விட்டிருக்கிறது. பெற்றோர்களே உஷார். ஆப்பிரிக்காவில் ஒரு வகை வண்டு ராத்திரியில் பால்வீதியைப் பார்த்துத் திசை பிடித்து உருட்டுகிறது என்று 2013இல் கண்டுபிடித்தார்கள். இதைச் சொன்னபோது என் பசங்கள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

சரி, கமெண்டுகளுக்கு வருகிறேன்.

"காட்டெருமை நடமாடும் இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?" இது நியாயமான கேள்வி. ராத்திரி வந்து போனது, நாங்கள் போனது காலை பத்தரைக்கு, எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருபது அடியில், நான் முன்னால் போய்ப் பார்த்த பிறகு. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினோம். இருந்தாலும் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அது என் தப்பு.

"நீதிக் கதை கொடுங்க, பண்பு வளரும்." நான் கதைக்கு எதிரியா? எங்கள் அலமாரியில் பாதிக்கு மேல் கதைதான். ஆனால் கதை மட்டும்தான் படிப்பு, மற்றதெல்லாம் பரீட்சைக்கு என்று யார் சொன்னது?

"மார்க்குக்கு உதவுமா?" போங்கள் சார்.

"நீங்க என்ன டீச்சரா?" இது கொஞ்சம் வலித்தது. இல்லை. டீத்தூள் கடையில் கணக்கு எழுதுகிறேன். மாதாமாதம் நூறோ இருநூறோ மிச்சம் பிடித்துப் பழைய புத்தகம் வாங்குகிறேன். டீச்சராக இல்லாததால்தான் "எனக்குத் தெரியாது, வா பார்ப்போம்" என்று கூச்சமில்லாமல் சொல்ல வருகிறதோ என்னவோ.

இந்த மலையில் எதைத் தொட்டாலும் கேள்விதான். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தொரையில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்திருப்பீர்கள். "ஏதோ டவர்" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். வானியல் விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப் ஏன் அதைச் சரிவில் கட்டினார்? அந்தச் சரிவு ஏறக்குறைய 11 டிகிரி, ஊட்டியின் அட்சரேகையும் அதேதான். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. ஒரே பக்கமாகத் திருப்பிக்கொண்டே வந்தால் வானத்தில் ஒரு புள்ளியை மணிக்கணக்காகப் பின்தொடரலாம். 1970லிருந்து அது அங்கே இருக்கிறது. எனக்கு இது தெரிந்தது முப்பத்திரண்டு வயதில்.

வயதைச் சொன்னதும் அம்மா ஞாபகம் வருகிறது. நாங்கள் எஸ்டேட் லைன் வீட்டில் இருந்தோம். ஒவ்வொரு கோடை லீவிலும் மலைக்குக் கீழே மேட்டுப்பாளையத்திலிருந்து அத்தை வருவார். சாப்பிட உட்கார்ந்ததும் சாம்பாரில் ஒரு பருப்பை எடுத்து இரண்டு விரலில் நசுக்கிப் பார்ப்பார். நசுங்காது. "இத்தனை வருஷமாச்சு, இன்னும் பருப்பு வேக வைக்க வரல" என்பார். அம்மா ஒன்றும் பேசமாட்டார், அடுத்த நாள் இன்னும் சீக்கிரம் எழுந்து அடுப்பு மூட்டுவார். அப்போது வீட்டில் குக்கர் கிடையாது. பருப்பு ஏன் வேகமாட்டேன் என்கிறது என்று பள்ளிக்கூடத்தில் கேட்டேன். "வீட்டுச் சமாச்சாரத்தை இங்கே பேசாதே" என்று பதில் வந்தது. வகுப்பே சிரித்தது.

பல வருஷம் கழித்து, பழைய பேப்பர் கடையில் எடுத்த ஒரு சிறுவர் அறிவியல் புத்தகத்தில் பதில் கிடைத்தது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஆறாயிரம் அடியில் அது 94 டிகிரியை ஒட்டித்தான். எவ்வளவு விறகு வைத்தாலும் அதற்கு மேல் ஏறாது. குக்கர் ஆவியை அடைத்து அழுத்தத்தைக் கூட்டுவதால்தான் பருப்பு குழைகிறது. ஓடிப் போய் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கரண்டியோடு நின்றபடியே கேட்டுவிட்டு, "அப்போ என் கை மேல தப்பில்லையா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இந்தப் புக்கை அப்பவே உங்க அத்தைகிட்ட யாராவது காட்டியிருக்கலாம்" என்றார். அத்தை இறந்து அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது.

போட்டோ வந்த பிறகு இரண்டு பிள்ளைகளை அனுப்பவில்லை. அதில் ஒருவன் அந்தத் தண்ணீர் குடிக்கிற பையன். புத்தகத்தைப் பாட்டி கொண்டுவந்து கொடுத்தார். கற்பூர மரத்து இலை ஒன்றை அடையாளம் வைத்திருந்தான், பாதிப் புத்தகத்தில்.

வரும் ஞாயிறு பத்தரைக்குப் பருப்பு வேக வைக்கிறோம். அரை டம்ளர் துவரம் பருப்பு பாத்திரத்தில், அரை டம்ளர் குக்கரில். தெர்மாமீட்டர் யாரிடமாவது இருந்தால் கொடுங்கள், காய்ச்சல் பார்ப்பது வேண்டாம், அது 42லேயே முடிந்துவிடும். லேபில் வைத்திருப்பார்களே, அது. படம் எடுக்க வருகிறவர்களும் தாராளமாக வரலாம். இந்த முறை கிளறப்போவது கரண்டியால்தான்.