ஒரே ஒரு நாள்தான் சென்னையில் என்றால், எழும்பூருக்குப் போங்கள்

வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர்கள், "எழும்பூர் மியூசியம் போகலாமா, தட்சிணசித்ரா போகலாமா? ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கு" என்று கேட்கும்போதெல்லாம் நான் எழும்பூர் என்றுதான் சொல்கிறேன். நண்பர்கள் பலர் இதை ஒத்துக்கொள்வதில்லை. அதனால் காரணத்தை எழுதிவிடுகிறேன்.

தட்சிணசித்ரா அருமையான இடம். முட்டுக்காட்டில், ஈசிஆர் ஓரத்தில், 1996இல் திறந்தார்கள். செட்டிநாட்டு வீடு, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் வீடு என்று பழைய வீடுகளைப் பிரித்து எடுத்து வந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். திண்ணையில் உட்காரலாம், முற்றத்தில் நிற்கலாம், பிள்ளைகள் மண்பானை செய்து பார்க்கலாம். ஆனால் நகரத்திலிருந்து போய் வரவே நேரம் போய்விடும். ஆற அமரப் பார்க்க வேண்டிய இடத்தை அவசரமாகச் சுற்றிவிட்டுத் திரும்புவதில் எனக்கு விருப்பமில்லை.

எழும்பூர் அப்படியில்லை. தென் மாவட்ட ரயிலில் வந்து இறங்குகிறவர்களுக்குப் பாந்தியன் சாலை கூப்பிடு தூரம். 1851இல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. இந்தியாவில் கல்கத்தாவுக்கு அடுத்துப் பழமையானது.

"நாங்க தஞ்சாவூர்ப் பக்கம், எங்க கோயில்ல இல்லாத ஐம்பொன் சிலையா அங்க இருக்கு?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். ஆனால் கோயிலில் நாம் கும்பிடப் போகிறோம். உற்சவர் பட்டு, மாலை, நகை எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பார். தீபாராதனை வெளிச்சத்தில் முகம் தெரியும், கண்ணில் ஒற்றிக்கொண்டு நகர்ந்துவிடுவோம். அது பக்தி, அது அப்படித்தான் இருக்க வேண்டும். அந்தச் சிலையைச் செய்த ஸ்தபதியின் கைவேலை முழுசாகத் தெரிவது எழும்பூர் வெண்கலக் கூடத்தில்தான்.

திருவெண்காட்டு அர்த்தநாரியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். 11ஆம் நூற்றாண்டுச் சோழர் காலத்து வேலை. சிவன் பக்கம் இரண்டு கை, அம்மை பக்கம் ஒரே கை. ஒரு பக்கம் விறைப்பு, மறு பக்கம் இடுப்பில் இறங்கும் வளைவு. இரண்டும் எந்த இடத்தில் சேர்கின்றன என்று தேடினால் கண்டுபிடிக்க முடியாது. அப்புறம் திருவாலங்காட்டு நடராஜர். சுற்றியிருந்த திருவாசி, அதாவது தீச்சுடர் வளையம், இப்போது இல்லை. அதனாலேயே தூக்கிய காலும் வீசிய கையும் இன்னும் துலக்கமாகத் தெரிகின்றன. பிரெஞ்சுச் சிற்பி ரோதான், இந்தச் சிலையின் புகைப்படங்களை மட்டும் பார்த்தே இவரைப் பற்றி உருகி எழுதினார். நாமோ நேரிலேயே பார்க்கலாம்.

பிள்ளைகள் கூட இருந்தால், இது எப்படிச் செய்தது என்று சொல்லிக் காட்டுங்கள். முதலில் மெழுகில் முழு உருவத்தையும் செய்வார்கள். மேலே வண்டல் மண் பூசிக் காயவைத்துச் சூடாக்கினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தைக் காய்ச்சி ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைப்பார்கள். அச்சு அதோடு போச்சு. அதனால் இதே சிலை இன்னொன்று கிடையாது. இவற்றில் பல, ஆபத்துக் காலத்தில் கோயில்காரர்கள் மண்ணில் புதைத்து வைத்து, பல நூற்றாண்டு கழித்துத் தோண்டும்போது வெளிவந்தவை. 1878ஆம் வருடப் புதையல் சட்டப்படி அரசிடம் வந்து சேர்ந்தன.

மற்றதெல்லாம் நேரம் இருந்தால் போதும். அமராவதி பௌத்தச் சிற்பங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆதிச்சநல்லூரில் எடுத்த பொருள்கள், 1863இல் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் சேகரிப்பு எல்லாமே இந்த வளாகத்துக்குச் சொந்தம். சின்னப் பிள்ளைகளைத் திமிங்கல எலும்புக்கூட்டைக் காட்டிக் குஷிப்படுத்திவிடலாம். ஆனால் முதலில் வெண்கலக் கூடம். எல்லாக் கட்டடமும் ஏறி இறங்கிக் களைத்த பிறகு கடைசியில் அங்கே போனால், பார்த்தும் பார்க்காத மாதிரிதான்.

வெள்ளிக்கிழமை எழும்பூருக்கு விடுமுறை. நீங்கள் வரும் நாள் வெள்ளியாக அமைந்தால் யோசிக்கவே வேண்டாம், காலையிலேயே முட்டுக்காட்டுக்குக் கிளம்பிவிடுங்கள். அங்கே செவ்வாய்தான் விடுமுறை.