முழு விலை கேமில் விற்பது வெறும் ஸ்கின் மட்டும் இல்லை

“முழு விலை கேம்களில் தனியாக விற்பதெல்லாம் வெறும் ஸ்கின்தான், ஆட்டத்தைப் பாதிக்காது, தைரியமா வாங்குங்க” என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்கின் என்றால் தோற்றத்தை மட்டும் மாற்றும் அலங்காரம்; விற்பது அது மட்டும்தான் என்பது சரியில்லை. 2017-இல் 60 டாலர் முழு விலைக்கு வந்த ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2 கேமில், காசுக்கு வாங்கக்கூடிய லூட் பாக்ஸுக்குள் (திறந்தால்தான் உள்ளே என்ன என்று தெரியும் பெட்டி) ஸ்டார் கார்டுகள் வைத்திருந்தார்கள். சண்டையில் பலத்தைக் கூட்டுபவை அவை. டார்த் வேடர் என்ற கதாபாத்திரமாக விளையாட, முதலில் கேமுக்குள் சேர்க்கும் நாணயமான கிரெடிட் 60,000 வேண்டியிருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதை 15,000 ஆக்கி, வெளியீட்டுக்கு முந்தின நாள் பண விற்பனையையே நிறுத்தினார்கள். 2018 ஏப்ரலில் விற்பனை திரும்பியபோதுதான் தோற்றங்கள் மட்டும் என்றானது. என்பிஏ 2கே தொடரிலும் விசி என்ற கேம் நாணயத்தைக் காசு கொடுத்து வாங்கி வீரரின் திறனை ஏற்றலாம். ஸ்கின் மட்டும் விற்கும் கேம்களும் உண்டுதான். ஆனால் இது படிக்கிற பசங்க சேர்த்து வைத்த காசு; அதனால் அந்தந்த கேமில் என்ன விற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.