கன்டினியூவஸ் க்ராலை பராமரிப்பு நேரத்தில் "பாஸ்" செய்ய முடியாது

ஷேர்பாயிண்ட் சர்வரில் (நிறுவன ஆவணங்களைச் சேமித்துப் பகிரும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) கன்டினியூவஸ் க்ராலுக்கு, அதாவது தேடலுக்காக உள்ளடக்க மாற்றங்களைத் தொடர்ந்து படித்துச் சேர்க்கும் வேலைக்கு, சனிக்கிழமை இரவு 11 முதல் 2 வரை ஓய்வு கொடுக்கலாம், பாஸ் செய்தால் போதும், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும் என்று மேலே ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். பலர் அப்படியே பகிர்வதால் ஒரு சின்னத் திருத்தம்.

கன்டினியூவஸ் க்ராலை பாஸ் செய்யவோ ஸ்டாப் செய்யவோ வழியில்லை, டிசேபிள் மட்டும்தான் செய்யலாம். நேர அட்டவணை ஃபுல் (எல்லாவற்றையும் படிப்பது), இன்கிரிமென்டல் (மாறியதை மட்டும் படிப்பது) க்ரால்களுக்கு உண்டு. கன்டினியூவஸுக்கு இருப்பது இடைவெளி மட்டுமே, இயல்பாக 15 நிமிடம். முந்தைய சுற்று முடியாவிட்டாலும் அடுத்தது கிளம்பிவிடும். பேட்ச் (மென்பொருள் திருத்தம்) போடும் நேரத்தில் இதுதான் ஆளைப் படுத்துவது.

நீங்களே பார்க்கலாம். ஷேர்பாயிண்ட்டின் நிர்வாகத் தளமான சென்ட்ரல் அட்மினிஸ்ட்ரேஷனில் சர்ச் சர்வீஸ் அப்ளிகேஷனைத் திறந்து, கன்டென்ட் சோர்ஸ் (க்ரால் படிக்கும் இடங்கள்) பட்டியலுக்குப் போங்கள். கன்டினியூவஸ் ஓடும் சோர்ஸின் பெயருக்குப் பக்கத்து அம்புக்குறியை அழுத்தினால், வரும் மெனுவில் அதற்கென இருப்பது "டிசேபிள் கன்டினியூவஸ் க்ரால்" என்ற வரிதான். அப்புறம் எடிட் பக்கத்தில் க்ரால் ஷெட்யூல் பகுதியையும் பாருங்கள். அட்டவணை அமைக்கும் இணைப்பு இன்கிரிமென்டலுக்கும் ஃபுல்லுக்கும்தான் இருக்கும்.

அதனால் பராமரிப்புக்கு முன் டிசேபிள் செய்யுங்கள், வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்ப எனேபிள் செய்யுங்கள். தானாகத் திரும்பாது.